சிலேட்டுச் சண்டை நடந்த ரயில் பாதை

ஸான் பிரான்ஸிஸ்கோவுக்குப் போகும் நம்மவர்கள் அங்குள்ள பெரிய தொங்கு பாலத்தைப் பார்க்கிறார்கள். படம் பிடித்துக் கொள்கிறார்கள். குளிரில் நடுங்கியபடி திரும்பி விடுகிறார்கள். நேயர்களே, உங்களுக்கு ஒரு நாள் அவகாசம் இருந்தால், அங்கிருந்து தெற்கே ஸான் ஹோஸேவுக்குப் போகும் ரயிலில் ஏறுங்கள். சுமார் 50 மைல் பிரயாணம். 2024 முதல் மின்சார வண்டியே ஓடுகிறது. வழியில் அருவியோ கோபுரமோ கிடையாது. ஆனால், சாப்பிடக் கூப்பிட்டாலும் நிமிர்ந்து பாராமல் உங்கள் வீட்டுக் குழந்தை மடியில் வைத்துக் கொண்டிருக்கிறதே, அந்த 'டாப்லெட்' என்னும் கண்ணாடிச் சிலேட்டுக்காகப் பெரிய பெரிய கம்பெனிகள் மல்லுக்கு நின்றது இந்தப் பாதையில்தான்.

ரயில் ஏறுமுன் யெர்பா பூவேனா கலை மண்டபத்தை எட்டிப் பாருங்கள். 2010 ஜனவரி 27-ந் தேதி ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸ், அங்கே மேடையில் நாற்காலி போட்டுச் சாவகாசமாகச் சாய்ந்து கொண்டு, முதல் ஐபேடை விரலால் தடவிக் காட்டினார். 9.7 அங்குலத் திரை. விலை 499 டாலரிலிருந்து. பாட்டரி பத்து மணி நேரம் தாங்கும். காமிரா கிடையாது. எடை ஒன்றரை ராத்தல்.

ஒன்றரை ராத்தல் ஒரு கனமா என்று கேட்பீர்கள். மேஜை மேல் இருந்தால் ஒன்றுமில்லைதான். படுக்கையில் சாய்ந்து, ஒரு கையால் குழந்தையைத் தட்டித் தூங்கப் பண்ணிக்கொண்டு, மறு கையில் அதை ஏந்தித் தொடர்கதை படித்துப் பாருங்கள்! கால் மணி நேரத்தில் மணிக்கட்டு பதில் சொல்லும். தயாரிப்பாளர்களின் தலைவலியும் இதுதான். எடையைக் குறைக்கப் பாட்டரியைச் சிறிதாக்கினால், சிலேட்டு மத்தியானமே கண்ணை மூடிவிடும். எழுத்தைத் தெளிவாக்கினாலோ பாட்டரி பெருக்க வேண்டும். 2012 மார்ச்சில் ஆப்பிள், திரையின் புள்ளிகளை நான்கு மடங்காக்கியது. எழுத்து அச்சடித்தாற்போல் வந்தது. ஆனால் முந்தின வருஷத்துச் சிலேட்டைவிடக் கனமும் தடிப்பும் சற்றே கூடிவிட்டன. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றால் முடிகிற காரியமா?

பாலோ ஆல்டோவில் இறங்குங்கள். அடிஸன் தெரு 367-ம் எண் வீட்டின் பின்னால் ஒரு சின்னக் கார்க் கொட்டகை தெரியும். ஹ்யூலெட், பாக்கார்டு என்ற இரு நண்பர்கள் தொழில் தொடங்கிய இடம். அவர்கள் பெயர் தாங்கிய கம்பெனி, 2010-ல் 120 கோடி டாலர் கொடுத்து 'பாம்' கம்பெனியை வாங்கி, 2011 ஜூலை 1-ந் தேதி 'டச்பேட்' என்ற சிலேட்டைக் கடைக்கு அனுப்பியது. உள்ளே இருந்த அமைப்பு வெகு நேர்த்தி. பயன்படுத்தியவர்கள் இன்றும் மெச்சுகிறார்கள். ஆனால் ஐபேடைவிடக் கனம், விலையோ அதே 499 டாலர்! 49-ம் நாள் கடையைக் கட்டிவிட்டார்கள். மிச்சச் சரக்கை 99 டாலருக்குத் தள்ளியபோது நம் ஊர் ஆடித் தள்ளுபடி தோற்றது, அவ்வளவு கூட்டம்! அந்த விலைக்கு விற்றால் கம்பெனிக்குக் கட்டுமா? அதுதான் பரிதாபம்.

அமேஸான்காரர்களின் சாமர்த்தியம் வேறு. 2011 நவம்பரில் ஏழங்குலச் சிலேட்டை 199 டாலருக்கு, ஏறக்குறைய அடக்க விலைக்கே கொடுத்தார்கள். அடுப்பை அசலுக்கு விற்று விறகில் லாபம் பார்க்கிற வித்தை; அவர்களுக்கு விறகு, புத்தகமும் சினிமாவும். ரயில் மௌண்டன் வியூவைத் தாண்டுகிறதே, அந்த ஊர் கூகுளும் 2012-ல் தைவானில் உள்ள ஏஸுஸ் கம்பெனியைக் கொண்டு செய்வித்து, அதே 199 டாலருக்கு இறக்கியது.

ஏழங்குலத்தை முன்பே கேலி செய்தவர் ஜாப்ஸ். 2010 அக்டோபரில், அதை உபயோகிக்க விரலை உப்புத்தாளால் தேய்த்துச் சிறிதாக்கிக்கொள்ள வேண்டும் என்றார். மறு வருஷம் அவர் காலமானார்.

கடைசி நிறுத்தம் ஸான் ஹோஸே. 1927-ல் சினிமாவுக்காகக் கட்டிய கலிபோர்னியா தியேட்டரின் அலங்காரமே கண்கொள்ளாக் காட்சி. 2012 அக்டோபர் 23-ந் தேதி ஆப்பிள் அங்கே 7.9 அங்குல 'ஐபேட் மினி'யை வெளியிட்டது. எடை முக்கால் ராத்தலுக்கும் குறைவு. விலை 329 டாலர். பெரியதன் எழுத்துத் தெளிவு அதில் இல்லை. ஆனாலும் ஒற்றைக் கைக்குள் அடங்கியது.