வெறும் சுளுக்குத்தானா?

“வெறும் சுளுக்குத்தான்; எண்ணெய் போட்டு நீவினால் இரண்டு நாளில் சரியாகிவிடும்.” நம் கொங்கு நாட்டு இல்லங்களில் இச்சொற்களைக் கேளாதார் அரியர். கால் முன்வரப் பிறந்தவர் மிதித்தால் சுளுக்குப் பறந்துவிடும் என நம்பி, அத்தகையோரைத் தேடி அலைந்த பெரியவர்களையும் நாம் அறிவோம். சிறு சுளுக்குகள் பெரும்பாலும் தாமே ஆறிவிடுவதால், மிதித்தவர் பெயர் நிலைத்துவிட்டது!

மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் உள்ளன. அவற்றை ஒன்றோடொன்றும், முன்கை எலும்புகளோடும் பிணைத்து நிற்பவை நார்கள். வழுக்கி விழும்போது நாம் கையை ஊன்றுகிறோம். அப்போது இந்நார்கள் அளவுக்கு மீறி இழுபடுவதும் கிழிவதுமே சுளுக்கு. ஆயின், அதே வீழ்ச்சியில் எலும்பும் முறியக்கூடும்.

நம் உறவினர் மகன் ஒருவன் லேத் பட்டறையில் தொழில் பழகி வந்தான். பல்லடம் சாலையில் மிதிவண்டியிலிருந்து விழுந்தான். வீக்கம் சிறிதே, விரல்களையும் அசைத்தான். விரல் அசைந்தால் எலும்பு முறியவில்லை என்பது நம்மவர் கணக்கு. அது தவறான கணக்கு. ஒருவர் நீவிப் பற்றுப் போட்டார், வலியும் தணிந்தது. ஐந்து திங்கள் சென்றபின், திருகு முடுக்கவும் கையில் வலுவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், பெருவிரலின் அடிப்பக்கத்துப் படகெலும்பு முறிந்து, கூடாமலே கிடந்தது. இடுப்பெலும்பிலிருந்து துண்டெடுத்து வைத்துத் திருகாணி பொருத்த வேண்டியதாயிற்று. கைத்தொழிலையே நம்பியிருந்த பிள்ளை, பல திங்கள் பட்டறைப் பக்கமே போக இயலவில்லை.

இப்படகெலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் விரற்பக்க முனை வழியாகவே வருகிறது. ஆதலால் நடுவில் முறிந்தால் மறுபாதி இரத்தமின்றி நலியக்கூடும். முதல் நாள் படத்தில் முறிவு தெரியாமலும் போகலாம். பெருவிரலை விரிக்கும்போது அதன் அடியில் தோன்றும் குழியை அழுத்தினால் வலிக்கிறதா? அவ்வாறாயின், படம் தெளிவாயிருப்பினும் மருத்துவர் கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாட்களில் மீண்டும் படம் எடுக்கச் சொல்வார். “ஒன்றுமில்லை என்றுவிட்டு எதற்குக் கட்டு?” என முணுமுணுக்க வேண்டாம்.

மாதவிலக்கு நின்ற தாய்மாருக்கு எலும்பு மெலிவதால், கையூன்றி விழுந்தாலே மணிக்கட்டருகே முறிவு ஏற்படுவதுண்டு. டப்ளின் மருத்துவர் ஆபிரகாம் கோலிஸ் இம்முறிவை 1814-இலேயே விவரித்தார்; ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டது 1895-இல்தான்!

அடிபட்டவுடன் வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள், வீங்கியபின் கழலா. முதல் இரு நாட்கள் துணியில் சுற்றிய பனிக்கட்டியைக் கால் மணி நேரம், நாளுக்குச் சில முறை வையுங்கள். கையை நெஞ்சுக்கு மேலாக உயர்த்தி வையுங்கள். வெந்நீர் ஒற்றடமும் நீவுதலும் அப்போது ஆகா. நாட்டு வைத்தியரை நாம் இகழவில்லை. படம் பாராமல் இழுப்பதையே தகாதென்கிறோம். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிய கட்டினால் கையையே இழந்தோர் உண்டு. விரல் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ, நள்ளிரவாயினும் கட்டைத் தளர்த்தி மருத்துவமனைக்கு விரையுங்கள்.

குளியலறைப் பாசியைத் தேய்த்துக் கழுவுவதும், இரு கைகளிலும் குடமேந்தி ஈரப்படியில் ஏறாதிருப்பதும் வீழ்ச்சியைத் தவிர்க்கும். கோவை ஈன்ற கிரைண்டரின் கல்லை ஒரு கையால் முறுக்கித் தூக்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். சாய்த்து மாவு வழிக்கும் வகை இப்போது கடைகளில் கிடைக்கிறது.