தோப்பில் பத்து மீட்டர்

நிலக்கடலையை மயில் தோண்டிப் போடுகிறது, ஏர்கன் வைத்து விரட்டலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மயிலைக் காயப்படுத்துவதும் குற்றம். பளபளப்பான ரிப்பனைக் கட்டிப் பாருங்கள். இந்தப் பதிலை எழுதும்போதே நெல்லிக்குப்பத்து நண்பர் ஞாபகத்துக்கு வந்துவிட்டார்.

கரும்பு விவசாயி. என்னைவிட நாலு வயது மூத்தவர். இளங்குருத்துப்புழு பார்க்கப் போன இடத்தில், தோப்பில் ஏர் ரைபிளால் அட்டையைச் சுட்டுக்கொண்டிருந்தார். கல்லூரியில் என்.சி.சி.யோடு விட்டிருந்த எனக்கும் கை துறுதுறுத்தது. அதிலிருந்து ஞாயிறு காலை என்றால் அவர் தோப்புதான்.

தூரம் 10 மீட்டர், நம் கணக்கில் 33 அடி. போட்டி அட்டையில் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்; கடுகைவிடச் சிறியது. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை மெல்ல அழுத்த வேண்டும். "மடை திறக்குற மாதிரி சார். அவசரப்பட்டா வரப்பு போயிடும்" என்பார். அட்டைக்குப் பின்னால் மணல் மூட்டை. முடிந்ததும் ஈயக் குண்டுகளைப் பொறுக்கி டப்பாவில் போடுவார், கோழி கொத்திவிடுமே என்று. கொக்கு வந்து இறங்கினால் துப்பாக்கி தரையைப் பார்த்துவிடும். 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் இளவேனில் வாலறிவன் தங்கம் வென்றபோது, வளர்ந்தது குஜராத்தில் என்றாலும் கடலூரில் பிறந்த பொண்ணு என்று தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார்.

ஒன்பதிலும் பத்திலும் விழுகிற அவர் குண்டு, ஒரு மார்கழி ஞாயிறு ஏழு, ஆறு என்று சிதறியது. "இடது கை தோள்லேர்ந்து இழுக்குது சார்" என்றார். பனி விலகாத நேரம், நெற்றியில் வியர்வை. "ரைபிள் கனம்ண்ணே, ரெண்டு நாள் ஓய்வு குடுங்க" என்றேன். இலையில் ஒரு புள்ளியைப் பார்த்து நோய் சொல்கிறவன் நான். செவ்வாய் விடியற்காலை மாரடைப்பு. கடலூர் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

இடது கை, தாடை, முதுகு என்று வலி பரவுவது, காரணமில்லாத வியர்வை. நெஞ்சுவலி இல்லாமலேகூட மாரடைப்பு இப்படி வரும் என்று டாக்டர் பிறகு சொன்னார். யாருக்கு இப்படி இருந்தாலும் கை வலி என்று தைலம் தேய்க்காதீர்கள். உடனே 108-க்குச் சொல்லுங்கள்.

ரைபிளை அவர் மகன் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறான். "ஞாயித்துக்கிழமை வாங்க சார்" என்கிறான். இன்னும் போகவில்லை.