ஏழாம் நாற்காலி

கோர்ட்டுப் படி ஏறாமலே காலத்தைத் தள்ளிவிட வேண்டும் என்பது எங்கள் குடும்பத்து வைராக்கியம். ஆகவே, 2019 கோடையில் நான் நியூ ஜெர்ஸியில் அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது அத்திம்பேர் பெயருக்கு ஜூரி ஸம்மன் வந்ததும், சாவுச் செய்தி வந்தாற்போல் வீடு அடங்கிவிட்டது.

"நான் என்னடா தப்புப் பண்ணினேன்?" என்றார் அத்திம்பேர்.

தப்பே பண்ண வேண்டாம். குடியுரிமை வாங்கினாலே போதும். வாக்காளர் பட்டியல், கார் லைசென்ஸ், வரிக் கணக்கு இவற்றிலிருந்து பெயரைப் பொறுக்கிவிடுகிறார்கள். எழுபத்தைந்து வயதானவர்கள் கேட்டுக்கொண்டால் விட்டுவிடுவார்களாம். "உங்களுக்கு இன்னும் பதினேழு வருஷம் இருக்கு" என்று கணக்குப் போட்டாள் அக்கா.

நமக்கு இந்தத் தொல்லை இல்லை. 1945-ல் சென்னையில் தியாகராஜ பாகவதரையும் கலைவாணரையும் குற்றவாளிகள் என்று சொன்னது ஜூரிதான். வழக்கு பிரிவி கவுன்ஸில் வரை போய், 1947-ல் இருவரும் விடுதலையானார்கள். பிறகு 1973-ல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஜூரியையே எடுத்துவிட்டது.

அத்திம்பேர் இஸ்திரி போட்ட சட்டையும் டிபன் டப்பாவுமாகப் போனார். சம்பளம் நாளொன்றுக்கு ஐந்து டாலர். காலை முழுவதும் பெரிய ஹாலில் காத்திருப்புத்தான். ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் உறவினர் கூட்டம் மாதிரி. மத்தியானம் பெயர் கூப்பிட்டார்கள். ஏழாம் நாற்காலி.

திருட்டு வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவன் இருபது வயதுப் பையன். ஜட்ஜ் ஒவ்வொருவரையும் கேள்வி கேட்டார். என்ன உத்தியோகம்? சாட்சிகளில் யாரையாவது தெரியுமா? போலீஸ்காரர் சொன்னார் என்பதற்காகவே ஒன்றை அதிகம் நம்புவீர்களா? 'இல்லை' என்றார் அத்திம்பேர். நிரூபிக்கும்வரை இவன் நிரபராதி என்று ஏற்கிறீர்களா? 'ஆமாம்' என்றார்.

பிறகு பையனின் வக்கீல் எழுந்து, ஏழாம் நம்பருக்கு நன்றி சொல்லி, போகலாம் என்றுவிட்டாராம். இத்தனை பேரை இப்படிக் காரணம் சொல்லாமலே விலக்கலாம் என்று இரு தரப்புக்கும் சட்டத்தில் இடம் உண்டு. இனத்தைப் பார்த்து விலக்கக் கூடாது என்பது 1986-லிருந்து சுப்ரீம் கோர்ட்டு வைத்திருக்கும் வேலி.

தப்பித்தோம் என்று பாயசம் வைத்திருந்தாள் அக்கா. அத்திம்பேர் தொடவில்லை. "என் இங்கிலீஷ் பிடிக்கலையோ? மூஞ்சி பிடிக்கலையோ?" என்று பொரிந்து தள்ளினார். முப்பது வருஷம் அந்த ஊரில் வரி கட்டியவர். அவர் கோபம் எனக்கு நியாயமாகவே பட்டது.

ராத்திரி திண்ணை மாதிரி இருந்த பின்கட்டு மரத்தளத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். வெகுநேரம் கழித்து அவராகவே பேசினார்.

"அந்தப் பையன் கழுத்திலே பச்சை குத்தியிருந்தான்டா. உள்ளே நுழைஞ்சதும் பார்த்தேன். இவன்தான் எடுத்திருப்பான்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். ஜட்ஜ் கேட்டப்போ வாய் மட்டும் 'ஆமாம்'னுது."

நான் பேசவில்லை.

"நான் அதைச் சொல்றப்போ அவன் என்னையே பார்த்துண்டிருந்தான்."

சில வாரம் கழித்து நான் ஊர் திரும்பிய பிறகு, ஐந்து டாலர் செக் வந்ததாக அக்கா டெலிபோனில் சொன்னாள். அத்திம்பேர் அதைப் பாங்கியில் போடவில்லையாம், பஞ்சாங்கத்துக்குள் வைத்திருக்கிறாராம்.