கிணற்றைப் பார்த்துக் கட்டிய வீடு

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடுகள், நடுவே வெள்வேல மரங்கள், தூரத்தில் தன்னந்தனியாக ஓர் ஓட்டு வீடு. "இந்தக் காட்டுக்குள்ள எப்படித்தான் தனியா இருக்காங்களோ!" என்றாள் உடன் வந்த தஞ்சாவூர்த் தோழி. அவள் பக்கத்தில் ஊர் ஓரிடம், வயல் ஓரிடம். கொங்கு நாட்டிலோ பல விவசாயிகள் தோட்டத்திலேயே சாளை கட்டிக் குடியிருந்தார்கள். காரணம், கிணறு.

அம்மா பிறந்த சாளையைத்தான் பார்க்கப் போனோம். இடிப்பதற்கு முன் ஒருமுறை.

அந்தக் கிணற்றில் அப்புச்சி காலத்தில் கவலை ஓடியது. இரண்டு காளைகள் சரிவான வாரியில் இறங்கும்போது வடத்தில் கட்டிய சால் தண்ணீரோடு மேலே வரும். ஓட்டுகிறவர் வடத்தின் மேலேயே உட்கார்ந்து தன் எடையையும் சேர்த்துக் கொடுப்பார். சாலின் அடியில் தைத்திருக்கும் தோல் தும்பி, மேலே வந்ததும் தானாகவே தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிடும். பிறகு காளைகள் பின்னோக்கி நடந்தே மேட்டுக்கு வரவேண்டும். விடியுமுன் தொடங்குகிற வேலை இது. ஊருக்குள் குடியிருந்துகொண்டு இதைச் செய்ய முடியுமா?

அதனால் வீட்டுக்கு வாஸ்து பார்த்ததைவிட கிணறு பார்த்ததுதான் அதிகம். திண்ணையில் படுத்தபடி தலையைத் திருப்பினால் ஒரு பக்கம் கிணறு, மறுபக்கம் கட்டுத்தரை, எதிரே களம். ராத்திரி ஒரு மாடு கயிற்றை அறுத்தாலும் அப்புச்சிக்குத் தெரிந்துவிடும்.

உள்ளே நுழைந்தால் ஆசாரம். அதைத் தாண்டி நடுவில் வானம் பார்த்த தொட்டி. மழைத்தண்ணீர் அதில் விழுந்து கல் தூம்பு வழியாக வெளியே ஓடும். சுற்றிலும் மரத்தூண்கள். கறையான் ஏறாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் அடியில் கல். மண்சுவர் ஒன்றரை அடி கனம். சித்திரை வெயிலிலும் முதுகைச் சாய்த்தால் குளுகுளு என்று இருந்தது. மேலே வைரம் பாய்ந்த பனங்கைகள். முதலில் பனையோலைதான் வேய்ந்திருந்ததாம், பிறகு நாட்டோடு, அதற்கும் பிறகு சீமை ஓடு. மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் 1865-ல் ஓட்டு ஆலை தொடங்கியபின் பரவிய ஓடு அது. கீழே கிடந்த ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். ஆலையின் பெயர் பாதி அழிந்திருந்தது.

மூலையில் ஆள் உயரத்துக்கு மண் குதிர். மேலே கம்பைக் கொட்டி, அடியிலுள்ள துளை வழியாக எடுப்பார்கள். சின்ன வயதில் அதற்குள் ஒளிந்து அம்மாயியிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

சமையல்கட்டுக்குப் போனபோது ஒன்று உறைத்தது. அங்கிருந்து கிணறு தெரியாது. களமும் தெரியாது. அத்தனை பேருக்கும் பொங்கிப் போட்டவர்களுக்கு ஒரு சாண் ஜன்னலும் புகையும்தான். இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். கவலை ஓட்டிய பண்ணையாட்களும், தோல் தும்பி தைத்துக் கொடுத்தவர்களும் வாசலைத் தாண்டி ஆசாரத்தில் கால் வைத்ததே இல்லை. நான் கையால் தடவிப் பார்த்து வியந்த தூண்களை அவர்கள் தூரத்திலிருந்து மட்டுமே பார்த்திருப்பார்கள்.

1930-களில் பைக்காராவிலிருந்து மின்சாரம் கோவைக்கு வந்தது. அது மெல்ல மெல்லத் தோட்டங்களுக்கும் வர, கவலை நின்று மோட்டார் ஓடியது. மோட்டாருக்கும் தண்ணீர் எட்டாமல் போர் போட்டார்கள். இப்போது கிணற்றில் புறா கூடு கட்டியிருக்கிறது. வாரியில் எருக்கு முளைத்துவிட்டது.

"என்னங் கண்ணு, சுவத்தையே தடவிட்டு நிக்கறே?" என்றபடி வந்தார் பெரிய மாமா. மரம் வாங்குகிறவர் வந்து தூணுக்கும் நிலவுக்கும் விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறாராம். ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை, மழைக்கு மூன்று இடத்தில் ஒழுகுகிறது, மாமாவுக்கோ முட்டி வலி. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வருஷத்துக்கு ஒருநாள் வந்து போட்டோ எடுப்பவள் நான்.

"அம்முணி கையெழுத்துப் போட்டா வேலையை ஆரம்பிச்சரலாம்" என்றார். 1989-ல் தமிழ்நாட்டில் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு என்று சட்டம் வந்தபோது அம்மாவுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. அந்தப் பங்கை இதுவரை அவள் கேட்டதுமில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பத்திரத்தைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டு முழுக்கப் படித்தாள். பிறகு அதை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"ஆடி கழியட்டுங்கண்ணா. அதுக்குள்ள அந்தச் சமையல்கட்டுச் சுவத்துல ஒரு பெரிய ஜன்னல் வெக்க எவ்வளவு ஆகும்னு கேட்டு வெய்யுங்க."