வீட்டுக்கும் எடை உண்டா?

அடுப்பு, கட்டில் சகிதம் ஒரு வீட்டையே காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு உல்லாசப் பிரயாணம் கிளம்பும் குடும்பங்கள் அமெரிக்காவில் ஏராளம். நெடுஞ்சாலையில் லாரிகளை எடை போடும் நிலையங்களில் இந்த டிரெய்லர் வீடும் நிற்க வேண்டுமா?

பெரும்பாலான மாநிலங்களில் வேண்டியதில்லை. சட்டம் வியாபார வண்டிகளுக்குத்தான். ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுவதால், அறிவிப்புப் பலகையைப் படித்துவிடுவது நல்லது. போலீஸ்காரர் கை காட்டினாலோ நின்றே ஆகவேண்டும். கலிபோர்னியா எல்லைச் சாவடியில் சொந்தக் காரும் நிற்க வேண்டும். எடை பார்க்க அல்ல, பழக்கூடையைப் பார்க்க!

சட்டம் விட்டாலும் பாரம் விடுமா? ஒரு காலன் தண்ணீரே சுமார் 3.8 கிலோ. தொட்டித் தண்ணீர், பாத்திரம், பண்டம் என்று அளவு மீறினால் டயர் வெடிக்கும்; மலை இறக்கத்தில் பிரேக் திணறும். லாரிகள் தங்குமிடங்களில் காசு கொடுத்து எடை பார்க்கலாம். குழந்தைகளோடு கிளம்பும் தாய்க்கு அந்தச் சீட்டுத்தான் நிம்மதி.