குடத்தில் விழாத பெயர்கள்

தாமலில் இருந்து வாடகைக் கார் ஓட்டுகிறேன். காஞ்சிபுரம் பார்க்க வருகிறவர்களுக்குக் கைலாசநாதர் கோயில், வரதராஜப் பெருமாள் கோயில், மத்தியானச் சாப்பாடு, பிறகு உத்திரமேரூர் என்று சுற்றிக் காட்டுவேன். அவர்கள் சந்தோஷமாகத் திரும்ப வேண்டும் என்பதற்காக, தெரிந்த உண்மையில் பாதியைப் பல வருடம் மறைத்தேன்.

முதலில் இட்லியில்தான் ஆரம்பித்தது. பெருமாள் கோயில் இட்லிக்குப் பச்சரிசியும் உளுந்தும் கொரகொரப்பாக அரைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்ப்பார்கள். மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து, மாவை ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேக விடுவார்கள். இலை வாசம் இட்லிக்குள்ளேயே ஏறிவிடும். அது எல்லா நேரமும் கிடைக்காது. ஓட்டலில் டம்ளரில் அவித்த இட்லியை வாங்கிக் கொடுத்து, "பெருமாளுக்குப் படைக்கிற இட்லி இதுதான் சார்" என்று சொல்லியிருக்கிறேன். நம்பிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டவர்கள் உண்டு.

அதைவிடப் பெரிய குற்றம் உத்திரமேரூரில் செய்தது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் தேர்ந்தெடுக்க ஊரை 30 குடும்புகளாக, அதாவது பகுதிகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர்கள் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர். பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் நெருங்கிய சொந்தக்காரர்களும் மறுபடி வர முடியாது. இன்றைக்கும் நாம் ஏங்குகிற சட்டம் அது. இதை நெஞ்சு நிமிர்த்திச் சொல்வேன். "உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக் கொடுத்த ஊர்" என்று முடிப்பேன். கை தட்டுவார்கள்.

யார் பெயர் குடத்தில் விழும் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன். வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள், வேதம் படித்திருக்க வேண்டும். அது பிராமணர்களின் சபை. கல் இதையெல்லாம் வெளிப்படையாகத்தான் சொல்கிறது. மறைத்தது நான்.

ஸ்பெயினுக்குப் போய்வந்த ஒரு வயதான தம்பதியை ஒருமுறை உத்திரமேரூருக்கு அழைத்துப் போனேன். அந்த நாட்டின் கோர்தோபா நகரில் 785இல் கட்டத் தொடங்கிய பெரிய மசூதி 1236இல் தேவாலயமானதாம். யார் கட்டினார்கள், யார் கையில் போனது என்று அங்கிருந்த வழிகாட்டி இரண்டையும் ஒளிக்காமல் சொன்னாராம். சொல்லிவிட்டு அந்த அம்மா கல்வெட்டைப் பார்த்தபடி கேட்டார்: "தம்பி, இந்தக் குடத்துல பொம்பளைங்க பேரு போட்டாங்களா?"

"இல்லீங்கம்மா."

"நிலம் இல்லாம உழுதவங்க பேரு?"

அதற்கும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. என் தாத்தா தாமல் ஏரிப் பாசனத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். அவரைப் போன்றவர்களை நானே கதையிலிருந்து நீக்கிவிட்டுத்தான் இத்தனை நாள் கை தட்டல் வாங்கியிருக்கிறேன். ஊர்ப் பெருமை என்று சொல்லிக்கொண்டாலும், கையில் வைக்கிற இனாம் குறைந்துவிடும் என்ற பயமும் இருந்தது.

இப்போது குடத்தில் விழுந்த பெயர்கள், விழாத பெயர்கள் இரண்டையும் சொல்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள், சிலர் அரை மணி நேரம் கூடுதலாக நின்று கேட்கிறார்கள். முன்பு என் காரில் வந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இனி உத்திரமேரூர் போகிறவர்கள், எந்த வழிகாட்டியாக இருந்தாலும், குடத்தில் யார் பெயர் விழவில்லை என்று கேளுங்கள்.