இடுக்கில் கிடக்கும் பழங்காரை

பாலாலயம் முடிந்து ராஜகோபுரத்தைச் சுற்றிச் சாரம் எழும்பிவிட்டால், ஊரார் பேச்செல்லாம் வண்ணத்தைப் பற்றியே இருக்கும். எந்தச் சுதை உருவத்துக்கு எந்த நிறம், உபயதாரர் பெயர்ப்பலகை எங்கே என்பன பெருங்கவலைகள். கோபுரத்தின் ஆயுளைத் தீர்மானிக்கும் வேலையோ, சாரத்தின் உச்சியில் யார் கண்ணிலும் படாமல் நடக்கிறது. அதற்கு உபயம் செய்ய முன்வருவோர் அரிது.

தமிழகத்துக் கோபுரங்கள் பலவற்றில் அடித்தளம் கருங்கல். மேல் நிலைகள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். மழை முதலில் அரிப்பது காரையைத்தான். அது உதிர்ந்த இடுக்கில் தூசி சேரும். பறவை எச்சத்தோடு விழுந்த அரச விதை முளைக்கும். வேர் தடித்தால் செங்கல் நகரும். விரிசல் கண்ட கோபுரம் என்னவாகும் என்பதைத் திருக்காளத்தி 2010 மே மாதத்தில் காட்டிவிட்டது.

புதுச் சாந்து வைக்குமுன் வலுவிழந்த பழங்காரையை அகற்றியாக வேண்டும். உறுதியாகப் பிடித்திருப்பதைத் தொடலாகாது. அரை அங்குல இடுக்கானால் ஓர் அங்குல ஆழமேனும் எடுக்க வேண்டும். மேலாகச் சுரண்டிப் பூசிய சாந்து, பற்றிக்கொள்ள இடமின்றி ஏடு ஏடாகப் பெயர்ந்துவிடும். இடுக்கைவிட ஒடுங்கிய உளியும் சிறு சுத்தியலுமே இதற்கு உகந்தவை. கிரைண்டர் விரைவானதுதான், ஆனால் கை சற்று நழுவினால் சக்கரம் செங்கல்லின் விளிம்பை அறுத்துவிடும். நன்கு வெந்த மேற்புறம் போனபின் உட்பகுதி மழைநீரை உறிஞ்சத் தொடங்கும். காரையை எடுத்தபின் தூசியைத் தூரிகையால் நீக்கி, நீர் தெளித்து ஈரமாக்கிய பிறகே சுண்ணாம்புச் சாந்தை அழுத்தி நிரப்புவர்.

முந்தைய திருப்பணியில் யாரேனும் சிமெண்ட் பூசியிருந்தால் துன்பம் இரட்டிப்பு. பழஞ்செங்கல்லைவிடக் கடினமான சிமெண்ட், சுவரின் ஈரத்தை இடுக்கு வழியே வெளியேற விடாது. ஈரம் செங்கல் வழியே வெளியேறும். உப்புப் பூத்து, செங்கல் பொடியும். அந்த சிமெண்டைப் பெயர்க்கும்போது செங்கல்லும் சேர்ந்தே உடைவதுண்டு.

இவ்வளவுக்கும் வேண்டியது நாள். கும்பாபிஷேகத் தேதியை அச்சடித்துவிட்டு ஸ்தபதியை அவசரப்படுத்துவது பல ஊர்களின் வழக்கம். சுண்ணாம்பு மெல்லத்தான் இறுகும். அதற்கு முகூர்த்தம் தெரியாது.

சாரம் ஏற இயலாத முதியவர்கள் கீழே கொட்டிக் கிடக்கும் குவியலையாவது பார்க்கலாம். அதில் வெண்காரைப் பொடியைவிடச் சிவந்த செங்கல் சில்லுகள் மிகுந்திருந்தால், மேலே கிரைண்டரோ அவசரமோ புகுந்திருக்கக்கூடும். ஸ்தபதியிடமும் செயல் அலுவலரிடமும் அன்றே கேட்டுவிடுவது நல்லது.